செவ்வாயும் வெள்ளியும் நின்றுபோன இன்டர்நெட்

சின்ன ஆபீஸ்களில் நெட்வொர்க் படுத்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள், ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த சர்வீஸ் கம்பெனியில் இப்போது இருக்கிறவர்கள். அவர்களில் பலர் ஓசூர் ஆபீஸை விட்டு வெளியே போவதே அபூர்வம். போச்சம்பள்ளியில் ஒரு பெட்டி கெட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரையில் பார்த்துச் சரிசெய்துவிடுகிறார்கள். திரையில் தெரியாத கோளாறு வந்தால்தான் என் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது.

கேட்டபடி ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். கரண்ட் இருக்கிறதா பார், கேபிள் இருக்கிறதா பார், விளக்கு எரிகிறதா பார் என்று எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகள்தான். ஆனால் எழுதிய நாலு நாளும் ஒரே ஒரு கேஸ் குறுக்கே வந்து நின்றுகொண்டிருந்தது. அது அந்த ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. பழுதைக் கண்டுபிடித்தவன் நான்தான். ஆனால் தப்பு யாருடையது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. அதனால் அதைத் தனியாக எழுதிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறையில் ஆறு பேரோடு தங்கி, ஒரு தொழிற்சாலையில் பதினைந்து வருடம் ஓட்டினேன். அதை மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டர் கேபிள் இழுக்கிற வேலைக்குப் போனேன். எட்டுக் கம்பிகளை நிற வரிசைப்படி பிளக்கில் செருகி நசுக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். அந்தக் கம்பிகளுக்குள் என்ன ஓடுகிறது என்று புரிய இரண்டு வருடம் ஆனது.

பெரும்பாலும் கோளாறு சப்பையாகத்தான் இருக்கும். சூளகிரியில் ஒரு ஆபீஸில் தினமும் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் நெட் போய்விடும். நான் ரொம்பப் பெரிதாக யோசித்து, நாலைந்து தடவை போய் வந்தேன். கடைசியில் பார்த்தால், டீ போடுகிற அம்மா கெட்டிலுக்குப் பிளக் பாயின்ட் இல்லாமல் நெட்வொர்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டீ ஆனதும் பொறுப்பாகத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் எலி. இன்னொரு இடத்தில் வைஃபை பெட்டியைத் திருட்டுக்குப் பயந்து இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

கொஞ்சம் தலையைச் சுற்ற வைப்பது எண் மோதுகிற கோளாறு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் போல. ரவுட்டர் என்கிற பெட்டிதான் அந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும். வெளியே இன்டர்நெட்டுக்குப் போகிற வாசலும் அதுதான். அதற்கும் ஓர் எண் உண்டு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவாரோ, அந்தப் பாடுதான் ஒரே எண்ணோடு இரண்டு பெட்டிகள் இருந்தால் ஆபீஸும் படும். ஒரு தபால் சரியாக வரும், அடுத்தது வேறு வீட்டுக்குப் போகும். எது எப்போது எங்கே போகும் என்று சொல்லவே முடியாது.

எங்கள் கம்பெனியில் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர் நிர்மலா மேடம். அத்திப்பள்ளிக்காரர், கன்னடக்காரர், என்னைவிட எட்டு வயது சின்னவர். தினமும் மாநில எல்லையைத் தாண்டி ஸ்கூட்டரில் வருவார். தமிழ்தான் பேசுவார், ஆனால் பாருங்க என்பதற்கு "நோடி" என்றும் மரியாதைக்கு "ரீ" என்றும் நடுவில் கன்னடம் வந்துவிடும். என்னைச் "சண்முகம் அவரே" என்றுதான் கூப்பிடுவார். அந்த "அவரே" வந்தாலே அதற்குப் பின்னால் ஒரு கேள்வி வரும். திட்ட மாட்டார், சத்தம் போட மாட்டார். கேள்வி கேட்பார், பதில் வரும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார்.

அவர் இரண்டு விஷயங்களில் கறாராக இருந்தார். ஒன்று, போன உடனே எதையும் அணைத்துப் போடக் கூடாது. "ரீஸ்டார்ட் பண்ணா நோயும் போயிடும், காரணமும் போயிடும். அடுத்த வாரம் நோய் மட்டும் திரும்பி வரும்" என்பார். இரண்டாவது, அவரே அச்சடித்து வைத்திருந்த சர்வீஸ் படிவம். அதில் நாலு கட்டங்கள். என்ன கெட்டது? எப்போதிலிருந்து? அதற்கு முன் என்ன மாறியது? மாற்றியது யார்? முதல் மூன்றை எல்லாரும் நிரப்புவோம். நாலாவதில் ஒரு கோடு போட்டுவிடுவோம். வாடிக்கையாளர் முன்னால் பேரை எழுதிச் சண்டையை விலைக்கு வாங்குவானேன் என்பது எங்கள் எண்ணம். மேடம் அந்தக் கோட்டைப் பார்ப்பார், கோப்பில் வைத்துவிடுவார்.

இனி அந்தக் கேஸுக்கு வருகிறேன்.

குருபரப்பள்ளியில் ஹைவேயை ஒட்டி ஒரு சின்ன யூனிட். வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்கிறார்கள். முதலாளி முனிராஜ், உள்ளூர் விவசாயக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. மாந்தோப்பின் ஒரு பகுதியை அழித்து ஷெட் போட்டவர். நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாம்பழக் காலத்தில் எந்த வேலையாகப் போனாலும் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவார். ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டர். அந்தக் கேஸுக்கு இரண்டு வருடம் முன்னால் அவருடைய பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியவன் நான்தான்.

தீபாவளி முடிந்து அங்கிருந்து புகார் வந்தது. காலையில் நெட் வருவதில்லை, அல்லது இரண்டு மெஷினில் வருகிறது, நாலில் வருவதில்லை. சற்று நேரத்தில் வராத மெஷினில் வருகிறது, வந்த மெஷினில் போய்விடுகிறது. பிரின்டர் மட்டும் எப்போதும் நன்றாக ஓடுகிறது. நான் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். எல்லாம் சரியாக இருக்கும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி.

முதல் தடவை போய்ப் பில் போடுகிற மேஜையின் கேபிள் முனையை மாற்றினேன். இரண்டாம் தடவை எல்லாக் கேபிளும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியையே மாற்றினேன். மூன்றாம் தடவை, இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனிக்காரனோடு போனில் அரைமணி நேரம் சண்டை போட்டேன். ஒவ்வொரு தடவையும் "சரியாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் நாலு நாளில் திரும்பக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பில் போடுகிற மேஜையில் இருந்தவர் பத்மா. காவேரிப்பட்டணத்துப் பெண், முப்பது வயதிருக்கும், குருபரப்பள்ளியிலேயே வாடகை வீடு. விஜயதசமி அன்று நல்ல நாள் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவர். ஆபீஸில் முதலில் வருபவர் அவர்தான். எட்டரைக்கே வந்து, ஒன்பதரைக்குக் கிளம்புகிற முதல் வண்டிக்கு இ-வே பில் போட வேண்டும். அது இல்லாமல் சரக்கு வண்டி ரோட்டில் ஏற முடியாது. அந்த நேரத்தில்தான் நெட் போகும். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

மூன்றாம் தடவை போனபோது பத்மா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நான் எதையும் தொடறதே இல்லண்ணா. மிஷின ஆன் பண்றேன், பில்லு போடப் போறேன், அது சுத்திகினே கெடக்குது. சார் என்னியத்தான் ஒரு மாதிரியா பாக்குறாரு."

"அப்படி எதுக்கும்மா பாக்காரு?"

"மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்றேன்னாரு. இப்ப அந்தப் பேச்ச எடுத்தாலே மூஞ்சத் திருப்பிக்கிறாரு. வூட்டுக்காரருக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சி ரெண்டு மாசம் ஆவுது. இந்த வேலைதாண்ணா இப்ப எங்களுக்கு."

முனிராஜும் தன் பங்குக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சண்முகம், நா உள்ள கால் வெச்சா நெட்டு வந்துடுது. அந்தப் பொண்ணு ஒரு செவ்வாக்கெழம லீவு போட்டுச்சி, அன்னிக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அது சேந்ததுக்கு முன்னாடி இந்தத் தொல்லையே கெடையாது. நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்னா அர்த்தம்?"

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கும் சார்" என்றேன்.

"எத்தன பனம்பழம் உழுவும்?" என்றார். நியாயமான கேள்விதான். உண்மையைச் சொன்னால், எனக்கே அந்தப் பெண் மேல் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. ஏதாவது படம் பார்க்கிறாரோ, பென் டிரைவில் எதையாவது கொண்டுவருகிறாரோ என்று அவர் மெஷினைத் துருவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஓசூருக்கு வந்து மேடம் முன்னால் போய் நின்றேன். அவர் மூன்று படிவங்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். பிறகு அந்த யூனிட்டுக்கே போன் போட்டு, எந்தெந்த நாளில் நெட் நின்றது என்று தேதிகளை வாங்கினார். காலண்டரைத் திருப்பினார்.

"சண்முகம் அவரே, இது எல்லாம் என்ன கிழமை?"

பார்த்தேன். எல்லாமே செவ்வாய் அல்லது வெள்ளி.

"கம்ப்யூட்டருக்குக் கிழமை தெரியாது. மனுஷங்களுக்குத் தெரியும். நோடி, நீங்க எப்பவும் பிரச்சினைக்கு அப்புறம் போறீங்க. இந்த வெள்ளிக்கிழமை அதுக்கு முன்னாடி போய் உக்காருங்க. எதையும் தொடாதீங்க. யார் என்ன பண்றாங்கன்னு மட்டும் பாருங்க."

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கே போய், வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே உட்கார்ந்துவிட்டேன். ரவுட்டர் நன்றாக இருந்தது. என் லேப்டாப்பில் நெட் ஓடியது. எட்டரைக்குப் பத்மா வந்தார். பையை வைத்தார், ஜன்னலைத் திறந்தார், சுவரில் இருந்த பூஜை அலமாரிக்குப் போய்ப் படங்களுக்குப் பூ வைத்தார், கீழே இருந்த சுவிட்சைத் தட்டினார். அலமாரிக்குள் சின்ன மின்விளக்கு எரிந்தது. கையைக் கூப்பிவிட்டு வந்து மெஷினைப் போட்டார். ஐந்து நிமிடத்தில், "அண்ணா, போயிடுச்சி" என்றார். என் லேப்டாப்பிலும் போயிருந்தது.

நான் எதையும் அணைக்கவில்லை. ரவுட்டரின் எண்ணைப் போட்டு, இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தேன். இதற்குப் பிங் என்று பேர். இருக்கிறேன் என்று பதில் வந்தது. பதில் வருகிறது, நெட் வரவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். ரவுட்டரில் இருந்து வரும் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். இப்போது பதில் வரக் கூடாது. ஆனால் வந்தது. இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரி வரியாக வந்தது. கேபிள் என் கையில் இருக்கிறது. ஆள் வீட்டில் இல்லை, உள்ளே இருந்து குரல் கேட்கிறது. எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது.

அதே எண்ணில் இன்னொரு பெட்டி இந்த ஆபீஸில் எங்கேயோ இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினேன். ஒன்பதாவதைப் பிடுங்கியதும் பதில் நின்றது. அந்த ஒன்பதாவது, முன்பு வரவேற்பு மேஜை இருந்த இடத்துச் சுவர்ப் பாயின்ட்டுக்குப் போகிற கேபிள். மேஜையை எடுத்து வருடக்கணக்காகிறது. அந்த இடத்தில் இப்போது பூஜை அலமாரி இருந்தது.

எட்டிப் பார்த்தேன். முருகன் படத்துக்கும் வெங்கடாசலபதி படத்துக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆன்டெனாவில் மல்லிகைச் சரம் சுற்றி, நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் கழற்றிக் கொடுத்த பழைய ரவுட்டர். பச்சை விளக்குகள் எல்லாம் மினுக்கிக்கொண்டிருந்தன. அதன் கரண்ட் ஒயர் விளக்கின் ஒயரோடு ஒரே சுவிட்சுக்குப் போனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதைக் கேட்டிருக்கிறேன். பூஜை அலமாரியில் பூதத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இது யாரும்மா இங்க வச்சது?" என்றேன்.

"சார்தாண்ணா. யூனிட் ஆரம்பிச்சப்ப மொத மொத வாங்குன பொட்டியாம். ராசியான பொட்டின்னு ஆயுத பூஜைக்கு வெச்சாராம். நான் சேந்த அன்னிக்கி, விஜயதசமி, நாந்தான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். ஆயுதத்த மறுநாள் ஓட்டாம வெக்கக் கூடாதுன்னு கரண்டு குடுத்தாரு. ஒரு லைட்டுதான் எரிஞ்சிது. எல்லாம் எரியணும்னு சொல்லி பொட்டியோட நெட்டு ஒயர எடுத்துச் செவுத்துல சொருவுனாரு. எல்லாம் எரிஞ்சிது. கும்புட்டுகினாரு."

இந்தப் பக்கத்து யூனிட்டுகளில் முதலில் செய்த பாகத்தைச் சாமியிடம் வைப்பது வழக்கம். விஜயதசமி அன்று மெஷினைக் கொஞ்ச நேரமாவது ஓட்டுவதும் வழக்கம். முனிராஜ் இரண்டையும் சேர்த்து ரவுட்டருக்குச் செய்துவிட்டார். செவ்வாய், வெள்ளி காலையில் பத்மா சுவிட்சைப் போடுவார், பழைய பெட்டி விழித்துக்கொண்டு ஆபீஸுக்கே நான்தான் வாசல் என்று சொல்லத் தொடங்கும். பதினொரு மணிக்கு முனிராஜ் வந்து கற்பூரம் காட்டிவிட்டு, கரண்ட் வீணாகக் கூடாது என்று சுவிட்சை அணைப்பார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். பத்மா லீவு போட்ட அன்று பதினொரு மணிவரை விளக்குப் போட ஆளில்லை. முனிராஜ் கணக்குப் போட்டதில் ஒரு பிசகும் இல்லை. பத்மா வந்தால் போகிறது, அவர் வந்தால் வருகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

பெட்டியை எடுக்கவில்லை. சுவரில் செருகியிருந்த நெட்வொர்க் ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். பில் வந்தது, வண்டி போனது. பத்மா சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு முனிராஜ் வந்தார். கற்பூரத் தட்டோடு அலமாரி முன்னால் நின்றவர், "ஏன் ஒரு லைட்டுதான் எரியிது?" என்றார். ஆபீஸில் இருந்த ஐந்து பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான் விளக்கிச் சொன்னேன். கதவு எண், தபால்காரர் எல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தட்டைக் கீழே வைத்து, "இந்த ஒயர யாரு சொருவுனது?" என்றார்.

வேண்டுமென்றே கேட்கிறாரா, மறந்துவிட்டுக் கேட்கிறாரா? சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். கையில் கற்பூர வாசனையோடு நிற்கிற மனிதரிடம், நீங்கள்தான் என்று எப்படிச் சொல்வது? அந்த மாதம்தான் எங்கள் வருடாந்திர ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"யாரோ தெரியாம சொருவிட்டாங்க சார். அதான் சரியாப் போச்சே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மூன்று கட்டங்களை ஒழுங்காக நிரப்பி, நாலாவதில் வழக்கம்போல ஒரு கோடு போட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாமர்த்தியமாக நடந்துகொண்டதாக நினைத்து ஓசூர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பத்மா போன் செய்தார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாருண்ணா. கைய வெச்சுகினு சும்மா இல்லாம கண்ட ஒயரயும் சொருவுறவங்க இங்க வேணாம்னு. நான் இல்ல சார்னு சொன்னேன். அப்ப யாருன்னாரு. நான் என்னா சொல்லட்டும்?"

போனை வைத்தேன். பொய் என்று நான் எதையும் சொல்லவில்லையே என்று முதலில் தோன்றியது. யாரோ என்றுதானே சொன்னேன்? அந்த யாரோவுக்கு அவர் ஒரு முகத்தைக் கொடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

மறுநாள் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் படிவத்தை எடுத்து நாலாவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"சண்முகம் அவரே, இந்தக் கட்டம் எதுக்கு இருக்கு?"

"யார் தப்புப் பண்ணாங்கன்னு தெரியறதுக்கு மேடம்."

பேனா மூடியைத் திருகினார். "இல்ல ரீ. யார் பண்ணலைன்னு தெரியறதுக்கு."

ஒரு புதுப் படிவத்தை என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன். மாற்றியது யார் என்ற இடத்தில் "உரிமையாளர் முனிராஜ், விஜயதசமி அன்று" என்று எழுதினேன். மேடம் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா? அந்தப் புதுப் பெட்டிக்குப் பழைய பெட்டியோட எண்ணையே குடுத்தது யாரு? பழசுல இருந்த எண்ணை அழிக்காம அப்படியே கையில குடுத்தது யாரு?" என்றார். வேலை சுலபமாகட்டும் என்று நாங்கள் எல்லாரும் செய்வதுதான் அது. பழைய எண்ணையே கொடுத்துவிட்டால் மற்ற மெஷின்களைத் தொட வேண்டாம். கீழே என் பெயரையும் எழுதினேன். என் பெயரை அந்தக் கட்டத்தில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

அந்தப் படிவத்தை மேடம் என்னையே குருபரப்பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். போகிற வழியெல்லாம், ஒப்பந்தம் போச்சு என்று நினைத்துக்கொண்டே போனேன். முனிராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நானா சொருவுனேன்?"

"ஆமா சார். எல்லா லைட்டும் எரியணும்னு."

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். "எனக்கு ஞாபகமே இல்லையே சண்முகம். சாமி மேல சத்தியமா இல்ல" என்றார். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கேட்டபோதும் அவருக்கு ஞாபகம் இல்லாமலா இருந்தது? விளக்கெல்லாம் எரியவேண்டும் என்று ஆசைப்பட்டது ஞாபகம் இருந்து, ஒயரைச் செருகியது மட்டும் மறந்துபோகுமா? மறக்கும் என்று சில நாள் தோன்றுகிறது. மறக்காது என்று சில நாள் தோன்றுகிறது. இத்தனை வருடத்தில் எனக்கு இது பிடிபடவில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தையும் புதுப்பித்தார். "அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க. நிரந்தரமே பண்ணிடறேன்" என்றார்.

அந்தப் படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்மா வீட்டுக்குப் போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிற மிதப்பு எனக்கு இருந்தது. அதற்குள் அவர் போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங்கில் சேர்ந்திருந்தார். விடியற்காலையில் கம்பெனி பஸ், எட்டு மணி நேரம் நின்றே வேலை. பில் போடுகிற வேலை தெரிந்தவர், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொடுத்தார். படிவத்தை வாங்கி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

"சார் வரச் சொல்லியிருக்காரும்மா. நிரந்தரம் பண்ணிருதேன்னு சொல்லிட்டாரு" என்றேன்.

"வரலண்ணா."

"ஏம்மா? அதான் எல்லாம் தெளிவாயிருச்சே."

"திரும்ப வந்தா செவ்வாக்கெழம அந்த சுச்ச நான் போடணுமா, வேணாமா?" என்றார். ஒயரைத்தான் கழற்றியாகிவிட்டதே, போட்டால் ஒன்றும் ஆகாது என்று நான் ஆரம்பித்தேன். அவர் சற்று நேரம் கேட்டார். "அது தெரியுதுண்ணா" என்றார். அப்புறம்தான் அவர் கேட்டது ஒயரைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிந்தது.

படிவத்தை நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். நீயே வைத்துக்கொள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வைத்துக்கொண்டார்.

"நல்லாதாண்ணா எழுதியிருக்கீங்க" என்றார். "அன்னிக்கி சார் யாரு சொருவுனதுன்னு கேட்டப்ப நானும் அங்கதான் நின்னேன். எனக்கும் தெரியும். நான் சொன்னா எதுத்துப் பேசுனதா ஆயிடும். படிச்சவரு, வெளிய இருந்து வந்தவரு, அண்ணன் சொல்லிடுவாருன்னு உங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நான் முனிராஜின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.